மகள் வரையும் இருண்ட காமிக்ஸ்

கேள்வி: என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே நன்றாக வரைவாள். இப்போது அவள் நோட்டு முழுக்கப் பல் முளைத்த சுவர்கள், ரத்தம், முகம் கோணிய பெண்கள். கேட்டால், "காமிக்ஸ் போடுகிறேன்" என்கிறாள். நான் முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவள். பெண்கள் இப்படியெல்லாம்கூட வரைகிறார்களா? நான் கவலைப்பட வேண்டுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வரைகிறார்கள், சகோதரி. உங்கள் மகளுக்கு முன்னோடிகள் நிறைய பேர்.

1970-இல் அமெரிக்காவில் ட்ரினா ராபின்ஸ், பார்பரா மெண்டிஸ் இருவரும் முழுக்கப் பெண்களே வரைந்த ஒரு காமிக்ஸைக் கொண்டுவந்தார்கள். பெரிய நிறுவனங்களைச் சாராத 'அண்டர்கிரவுண்ட்' காமிக்ஸ் பரவிய காலம் அது. சுதந்திரம் பேசிய அந்த வட்டத்திலும் பெண்ணை வதைப்பது சிரிப்புக்குரிய விஷயமாக இருந்தது. ராபின்ஸ் அதை வெளிப்படையாக எதிர்த்தார். 1972-இல் அவரும் தோழிகளும் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'விம்மென்ஸ் காமிக்ஸ்' இதழ் 1992 வரை வந்தது. ஆசிரியர் பொறுப்பை ஆளுக்கொரு முறை ஏற்றார்கள். கருக்கலைப்பு, பெண்ணுக்குப் பெண் மேல் வரும் காதல் என்று மற்றவர்கள் தொடாததையெல்லாம் தொட்டார்கள்.

ஆனால் உங்கள் மகளின் சுவர்களைப் பற்றிப் படித்ததும் எனக்கு நினைவு வந்தவர் ஜூலி டூசே. கனடாவின் மாண்ட்ரியல் நகரத்துக்காரர். 1988-இல் 'டர்ட்டி ப்ளாட்' என்ற சிறு இதழைத் தானே வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, தபாலில் அனுப்பத் தொடங்கினார். 1991-இல் ட்ரான் அண்ட் குவார்ட்டர்லி பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது. அவர் படங்களில் வரும் அறையில் கால் வைக்க இடமிருக்காது. பாட்டில், டப்பா, அழுக்குத் துணி எல்லாவற்றுக்கும் உயிர் இருப்பதுபோலத் தோன்றும். எங்கும் அப்பிய கறுப்பு மை. ஒரு கதையில் மாதவிலக்கு வந்த பெண் பூதாகாரமாக வளர்ந்து, ஊரையே ரத்தத்தில் மூழ்கடிக்கிறாள். இதை எந்தப் பெரிய நிறுவனத்தின் மேசையில் வைத்திருந்தாலும் முதல் பக்கத்திலேயே திருப்பியிருப்பார்கள். கேட்க ஆளில்லாத ஜெராக்ஸ் தாளில்தான் அது பிறக்க முடிந்தது. 'தனித்து வெளியிடுவது' என்பதன் அருமை எனக்கு அங்கேதான் தெரிகிறது.

அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. ஓயாத வேலை, சொற்ப வருமானம், சுற்றிலும் ஆண்களே. சலித்துப்போய் இரண்டாயிரமாம் ஆண்டையொட்டிக் காமிக்ஸையே விட்டு விலகினார். பிரான்சின் அங்குலேம் காமிக்ஸ் விழா 2016-இல் தன் பெரும் பரிசுக்குப் பரிந்துரைத்த 30 பேரில் ஒரு பெண்கூட இல்லாததால் கண்டனம் வெடித்தது. அதே பரிசை 2022-இல் டூசே பெற்றார்.

சிகாகோவின் எமில் ஃபெரிஸையும் சொல்ல வேண்டும். நாற்பது வயதில் கொசு பரப்பிய வெஸ்ட் நைல் காய்ச்சலால் உடல் செயலிழந்தது. வரையும் கையில் பேனாவை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு மறுபடி பழகினார். 2017-இல் வந்த 'மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ்' முழுக்கக் கோடுபோட்ட நோட்டில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்த தோற்றம் கொண்டது. தன்னை ஓநாய் மனிதனாக வரைந்துகொள்ளும் பத்து வயதுச் சிறுமிதான் கதை சொல்கிறாள். அவளுக்குப் பூதங்களைக் கண்டு பயமில்லை. மனிதர்களைக் கண்டுதான் பயம்.

ஆகவே படத்தை மட்டும் பார்த்து மகளுக்கு நோய் என்று முடிவுகட்டாதீர்கள். தூக்கம், சாப்பாடு, படிப்பு, பேச்சு இவற்றில் மாற்றம் தெரிந்தால் அதை நேராகக் கேளுங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நோட்டைச் சாட்சியாக இழுக்க வேண்டாம். "ஏன் இப்படி வரைகிறாய்?" என்று கேட்காமல், "இந்தச் சுவருக்கு ஏன் பல்?" என்று கேட்டுப் பாருங்கள். கதை வரும்.

ஒரே ஒரு ஏ4 தாளை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் கிடைக்கும். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் இருபது பிரதி எடுக்கச் சொல்லுங்கள். முதல் பிரதியை நீங்கள் காசு கொடுத்து வாங்குங்கள்.