மயில்துத்தத்துக்குள்ளே இருக்கும் தண்ணீர்

மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர். போர்டோ கலவைக்கு இந்தக் கணக்கு நம்மில் பலருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த ஒரு கிலோ மயில்துத்தத்திலேயே சுமார் 360 கிராம் தண்ணீர்தான் என்று பயிற்சிகளில் நான் சொன்னால், "கையில எடுத்தா காஞ்ச கல்லால்ல இருக்கு?" என்று கேட்பார்கள்.

கல் காய்ந்ததுதான். ஈரமாக ஒட்டியிருக்கிற தண்ணீர் இல்லை இது. தாமிர சல்பேட் படிகமாகும்போது, ஒவ்வொரு மூலக்கூறும் ஐந்து நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு கட்டி வைத்துக்கொள்கிறது. இதற்குப் படிக நீர் என்று பெயர். மயில் கழுத்து நீலம் வருவதற்கும் இந்த நீர்தான் காரணம். பழைய ஓட்டுத்துண்டில் ஒரு சிட்டிகைத் தூளை வைத்துச் சூடாக்கினால் நீர் வெளியேறி, சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி மிஞ்சும். அதுதான் நீரற்ற தாமிர சல்பேட். ஆறியபின் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், மறுபடி நீலமாகும், ஓடும் சூடேறும். (சமையல் பாத்திரம் வேண்டாம். இது விஷம்.)

வண்ணம் பார்ப்பதோடு விஷயம் முடியவில்லை. நீலக் கல் ஒரு கிலோவில் தாமிரம் ஏறக்குறைய 255 கிராம். நீரற்ற வெள்ளைப் பொடியில் 400 கிராம். கடையில் வெள்ளைப் பொடி கிடைத்து அதையும் ஒரு கிலோ போட்டால், இலையிலும் மண்ணிலும் ஒன்றரை மடங்குக்கு மேல் தாமிரம் விழும். அதில் 640 கிராம் போதும். துத்தநாக சல்பேட் மூட்டையில் 21 சதம், 33 சதம் என்று இரண்டு வகை இருப்பதும் இதே கதைதான். முதல் வகையில் ஏழு நீர், அடுத்ததில் ஒன்று.

சுண்ணாம்பு கொஞ்சம் வேறு மாதிரி. சூளையிலிருந்து வந்த சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிறதே, அங்கே தண்ணீர் சும்மா ஒட்டவில்லை. வேதிவினையில் புதுப்பொருளாகவே மாறிவிடுகிறது. அதைச் சூடாக்கிப் பிரிக்க மறுபடி சூளை வேண்டும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு, நீற்றிய பொடியென்றால் 1.3 கிலோ எடுங்கள். காற்றில் கிடந்து பூத்துப்போனது கரியமில வாயுவை இழுத்துப் பாதி செத்திருக்கும், அது வேண்டவே வேண்டாம்.

இரண்டையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு படிந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை, இன்னும் சேர்க்கணும். அன்றே தெளித்து முடிக்க வேண்டும்.

பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைக்கு மில்லார்டே 1885-ல் இதை வெளியிட்டதிலிருந்து பல தோட்டங்களில் தாமிரம் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. தாமிரம் மக்காது. மண்ணில் கூடினால் மண்புழுவுக்கு ஆகாது. அதனால்தான் அங்கக விதிகள் இதைக் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கின்றன. ஐரோப்பாவில் ஹெக்டேருக்கு ஏழு ஆண்டில் 28 கிலோ தாமிரம்தான் உச்சம். நீலக் கல்லாக அது 110 கிலோ, நீரற்ற பொடியாக 70 கிலோ. உங்கள் பண்ணைக் குறிப்பேட்டில் "மயில்துத்தம் 1 கிலோ" என்று மட்டும் எழுதாமல், நீலமா வெள்ளையா என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.