கோயில் நிலமும் செயல் அலுவலரும்
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

சொத்தை ஆள்பவர் என்றாலே அதற்குச் சொந்தக்காரர் என்றுதான் நாம் எண்ணுகிறோம். பிறர் சொத்தைப் பேணிக் காப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு. அவர்களுள் நம் வட்டாரத்து உழவர்கள் நன்கறிந்தவர் கோயில் செயல் அலுவலர். அவருடைய முதலாளியோ விந்தையானவர். பேசமாட்டார், கையொப்பமிடமாட்டார். கோயில் மூலவரைச் சொத்துக்குரிய ஒரு நபராகவே நம் நாட்டுச் சட்டம் ஏற்கிறது; ஆயினும் தம் காரியத்தைத் தாமே கவனிக்க இயலாத சிறாரின் நிலையில் வைத்தே பார்க்கிறது.

பண்ணுருட்டியை அடுத்த திருவதிகைக் கோயிலில் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளைக் காணலாம். அந்நாளில் கொடையைக் கல்லில் வெட்டினார்கள். கல்லை எளிதில் திருத்த முடியாது. காகிதம் அப்படியன்று. 1963ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டத்தின்போதும், பின்னர் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியின்போதும் பல ஊர்களில் கோயில் பெயரிலிருந்த நிலங்கள் தனியார் பெயருக்கு மாறிப்போயின. இன்றைய அலுவலர் அந்தப் பழைய ஏடுகளையும் இப்போதைய பட்டாவையும் ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே பாதி நாளைக் கழிக்கிறார் எனலாம்.

தமிழகத்துக் கோயில்களுக்கும் திருமடங்களுக்கும் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் உண்டு. அவற்றை 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் காக்கிறது. ஆணையரின் ஒப்புதலின்றிக் கோயில் நிலத்தை விற்கவோ, அடகு வைக்கவோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. ஆக்கிரமிப்பு என்றால் 78ஆம் பிரிவின்படி இணை ஆணையரிடம் முறையிட வேண்டும். குத்தகை பாக்கி என்றால் வருவாய் நீதிமன்றம். ஒரே அலுவலர் பல கோயில்களைப் பார்க்கும் நிலையில், வழக்கு நாள்களை நினைவில் வைப்பதே ஒரு வேலை.

அவர் மேசையில் முதலிடம் பெறுவது கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடு. பசலி ஆண்டு ஜூலை முதல் நாளில் பிறக்கும். கேட்பிலிருந்து வசூலைக் கழித்தால் நிலுவை. கணிதம் பயில்வோருக்கு இது விளையாட்டு. ஆனால் அந்த நிலுவைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கழித்தல் கணக்கு சொல்லாது. கடைத்தெரு மனைக்கு அற்ப வாடகை கொடுத்துவிட்டு அதையே உள்வாடகைக்கு விட்டுக் கொழிப்பவரும் அதில் உண்டு. பயிர் அழிந்து கட்ட வழியற்றவரும் உண்டு. இருவருக்கும் ஒரே படிவத்தில்தான் அறிவிப்பு வருகிறது. இது சரியன்று என்பது என் கருத்து.

எங்கள் குடும்பம் கோயில் நிலத்தை உழுது வாழ்வது. குத்தகை இன்னும் என் தாத்தா பெயரில் இருக்கிறது. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2024 டிசம்பரில், பெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுப் பெண்ணையாறு பெருகியபோது எங்கள் நெற்பயிர் மூழ்கியது. நிவாரணத்துக்கு மனு எழுதச் சென்ற அப்பாவிடம், உழுபவர் நீர்தான் என்பதற்குக் காகிதம் எங்கே என்று கேட்டார்கள். கோயில் அலுவலகத்தில் ஒரு வரி திருத்தப்படாததால் வயலில் நின்றவருக்கே வயல் இல்லாமற் போயிற்று. அலுவலரையும் முழுதும் குறை கூறுவதற்கில்லை. வாரிசுகள் உடன்பட வேண்டும், நிலுவை தீர வேண்டும். நிலுவையைத் தாமாகவே தள்ளுபடி செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை.

இத்துணைத் தொல்லைக்கு ஈடாக அவர் பெறுவது என்ன? ஊதியம் ஒருபுறம் இருக்கட்டும். 2021 முதல் ரோவர் என்னும் கருவி கொண்டு, செயற்கைக்கோள் உதவியுடன் கோயில் நிலங்களை அளந்து எல்லைக்கல் நட்டு வருகிறார்கள். 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு வரப்பெல்லாம் அலைந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் பாய்ச்சல். (நீளத்தையும் அகலத்தையும் சங்கிலிக் கணக்கில் பெருக்கிப் பத்து வந்தால் அது ஒரு ஏக்கர், நண்பர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.) காணாமற்போன நிலம் ஒன்று மீண்டும் கோயில் ஏட்டில் ஏறும்போது, அதன் வருவாயால் விளக்கில்லாத சிறு கோயிலிலும் ஒருகால பூசை நடக்கும். அது அவருக்குக் கிடைக்கும் மனநிறைவு. பெயர்மாற்றம் கேட்கும் எங்கள் மனுவும் இந்தப் பசலியில் அவர் மேசைக்குச் சென்றிருக்கிறது. ஒப்புகைச் சீட்டை அப்பா என்னிடம் கொடுத்துப் படித்துக்காட்டச் சொன்னார்.