சேவைகாலப் பணமும் சேமலாப நிதியும்: உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா?



என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி, "ஐயா, எனக்குப் பேர் நின்றால் எவ்வளவு காசு வரும்?" என்பதுதான். கணக்குச் சொல்வது லேசு. அந்தக் காசு கைக்கு வந்து சேருவதில்தான் பல பேர் அலைகிறார்கள். சட்டம் தெளிவாக இருக்கிறது, கடதாசியில் உள்ள பெயர்தான் இடிக்கிறது. ஆகவே இந்தப் பாடத்தில் முதலில் கணக்கைப் பார்ப்போம், பிறகு பெயருக்கு வருவோம்.

நமக்கு வரவேண்டிய பணம் மூன்று வகை. முதலாவது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வெட்டப்படும், தோட்ட நிர்வாகம் தன் பங்குக்கு நூற்றுக்கு 12 போட வேண்டும். இரண்டாவது ஊழியர் நம்பிக்கை நிதி. இதற்கு நிர்வாகம் மட்டும் நூற்றுக்கு 3 கட்டும், உங்களிடம் ஒரு சதமும் வெட்டக் கூடாது. கணக்கு விளங்குவதற்காக ஒரு நாள் சம்பளம் 1000 ரூபாய், ஒரு மாதத்தில் 25 பேர் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 25,000. உங்களிடம் வெட்டுவது 2,000, நிர்வாகம் போடுவது 3,000, சேமலாப நிதிக்கு மொத்தம் 5,000 போக வேண்டும். நம்பிக்கை நிதிக்கு இன்னும் 750. சம்பளத் துண்டை அடுப்பு மூட்டப் போட்டுவிடாமல் பிள்ளைகளிடம் கொடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது கஷ்டமே இல்லை.

"நான் தற்காலிக ஆள், எனக்குச் சேமலாப நிதி இல்லை" என்று சிலர் தாங்களாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். அது தவறான எண்ணம். தற்காலிகமாக வேலை செய்கிறவரும், செய்த வேலையின் அளவுக்குக் கூலி வாங்குகிறவரும் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள்.

மூன்றாவதுதான் சேவைகாலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தில் இது இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருஷம் பூர்த்தியாக்கியவருக்கு இது உரியது. நாட்சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பள விகிதத்தில். அதே 1000 ரூபாய்க் கணக்கில் 32 வருஷம் உழைத்தவருக்கு 14,000த்தை 32ஆல் பெருக்க 4,48,000 ரூபாய். வேலையை விட்டு 30 நாளைக்குள் இதைக் கொடுத்துவிட வேண்டும். பிந்தினால் நிர்வாகம் மேலதிகப் பணமும் சேர்த்துக் கட்ட வேண்டும். முதல் மாதத் தாமதத்துக்கு நூற்றுக்கு 10, ஒரு வருஷத்தைத் தாண்டினால் நூற்றுக்கு 30 வரை அது ஏறும். தானாக விலகியவருக்கும் இது உண்டு. தொழிலாளி இறந்துபோனால் வாரிசுகளுக்கு உண்டு.

வயது விஷயத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. சேமலாப நிதியை எடுக்கும் வயது ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50. அதனால் அந்த வயதில் கட்டாயம் பேர் நிறுத்தப்படும் என்று அர்த்தமில்லை. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஆகக் குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியிருக்கிறது.

இனிப் பெயருக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் "இராமாயி". அடையாள அட்டையில் "ராமாய்". செக்ரோலில் கணக்குப்பிள்ளை எழுதியது "ராமாயம்மா". சேமலாப நிதி அட்டையில் ஆங்கில எழுத்தில் இன்னொரு விதம். தகப்பன் பேரின் முதலெழுத்து ஓரிடத்தில், புருஷன் பேரின் முதலெழுத்து இன்னோரிடத்தில். லயத்தில் எல்லாருக்கும் ராமாயி அக்காவைத் தெரியும். கொழும்பில் ஃபைலைப் பார்க்கிறவருக்கு இவை நாலு பேர். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒருவர் காசை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால் அவரல்லவா பதில் சொல்ல வேண்டும்!

நம் மக்களுக்கு இது அதிகமாக வருவதற்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் பாட்டன் பூட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. அதன் பின் பல்லாண்டு காலம் பிரஜாவுரிமையும் அடையாள அட்டையும் இல்லாமலே பலர் வேலை செய்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. வேலைக்குப் பேர் பதிந்தது முதலில், அடையாள அட்டை வந்தது பிறகு. இரண்டையும் ஒத்துப் பார்க்க அன்றைக்கு யாரும் இருக்கவில்லை.

ஆகவே பேர் நிற்கும் வரை காத்திருக்க வேண்டாம். அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், சேமலாப நிதி அட்டை, சம்பளத் துண்டு நான்கையும் ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் தோட்டக் காரியாலயத்தில் எழுத்து மூலம் அறிவித்துத் திருத்தம் கேளுங்கள். வாயால் சொன்னால் கணக்குப்பிள்ளை மாறியதும் அது மறந்துபோகும். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கச் சொல்வார்கள். வேலையில் இருக்கும்போது உங்களைத் தெரிந்த துரையும் கங்காணியும் பக்கத்திலேயே இருப்பார்கள். பத்து வருஷம் கழித்துப் போனால் காரியாலயத்தில் எல்லாம் புது முகமாக இருக்கும்.

கல்யாணம் கட்டி வேறு தோட்டத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. புதுத் தோட்டத்தில் புது அங்கத்துவ நம்பர் கொடுப்பார்கள். பழைய நம்பரில் உள்ள காசு தானாக அதனுடன் சேராது. பழைய நம்பரை எழுதி வையுங்கள். பழைய தோட்டத்தில் 5 வருஷம் முடித்திருந்தால் அங்குள்ள சேவைகாலப் பணத்தையும் கேட்டு வாங்குங்கள். மாமியார் வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு கஷ்டகாலத்தில்தான் ஞாபகம் வருகிறது.

சேமலாப நிதிக்கு யாரை நியமித்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் தாயின் பேரைப் போட்டவர்கள் பலர். அந்தத் தாய் காலமாகியிருப்பார், பெண்சாதி பிள்ளைகளின் பேர் எங்குமே இருக்காது. புதிய நியமனப் படிவம் நிரப்ப அரை மணி நேரம் போதும்.

நிர்வாகம் காசு கட்டவில்லை, அல்லது சேவைகாலப் பணம் பிந்துகிறது என்றால் உங்கள் பகுதித் தொழில் காரியாலயத்தில் எழுத்து மூலம் முறைப்பாடு செய்யலாம். அதற்கு வக்கீல் தேவையில்லை. தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்தின் மூலமாகக்கூட அந்தப் பணத்தை அறவிட முடியும். தலைவர்மாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் கடதாசியின் மூலப் பிரதியை ஒருவர் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். போட்டோப் பிரதி கொடுத்தால் போதும்.

கடதாசிகளைப் பார்த்து விளங்காதவர்கள் சம்பளத்துக்கு மறுநாள் பின்னேரம் என்னிடம் கொண்டு வரலாம். வரும்போது வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றையும் கூட்டி வாருங்கள், அதுவும் பழகிக்கொள்ளட்டும்.