மின் ஸ்கூட்டர்: ஓடுகிறது என்பது வேறு, வீதியில் ஓட்டலாம் என்பது வேறு

குழுக்களாகக் கூடிப் படிப்பதற்கான பாடம்

முன்னர் எமது விவசாயிகளில் பலருக்கு வீட்டின் பின்படலையைத் திறந்தால் தோட்டம். இன்று அப்படியல்ல. குடியிருப்பது ஓரிடம், செய்கை பண்ணுவது வேறோரிடம். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கப்பட்டன. காணி கிடைத்தும் வீடு கட்ட வசதியின்றி, வாடகை வீட்டிலிருந்தோ உறவினர் வளவிலிருந்தோ தினமும் போய்வந்து செய்கை பண்ணும் குடும்பங்கள் உண்டு. குத்தகைக்கு எடுத்த காணிக்கு நெடுந்தூரம் போகிறவர்களும் உண்டு. இவர்களுக்குப் போக்குவரத்துச் செலவு என்பது விதை, பசளைச் செலவைப் போல ஒரு விவசாயச் செலவே ஆகும்.

2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அதன் பின்னர் மின்சாரத்தில் ஓடும் ஸ்கூட்டர் பலரது கண்ணில் பட்டது. சத்தமில்லை, புகையில்லை, பெற்றோல் தேவையில்லை. "லைசன்சும் தேவையில்லை, பதிவும் தேவையில்லை" என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு. இந்தக் கடைசிச் சொல்லைத்தான் நாம் இப்பாடத்தில் முக்கியமாக ஆராயப் போகிறோம்.

1. எதை மின் ஸ்கூட்டர் என்கிறோம்?

ஒரே பெயரில் மூன்று வகை வண்டிகள் பேசப்படுகின்றன.

முதலாவது, மிதிகட்டை உள்ள மின் சைக்கிள். நாம் மிதிக்கும்போது ஒரு சிறிய மோட்டார் துணை செய்யும்.

இரண்டாவது, இருக்கையில் அமர்ந்து ஓட்டும் ஸ்கூட்டர். தோற்றத்தில் பெற்றோல் ஸ்கூட்டரைப் போன்றது. பெரும்பாலும் மோட்டார் பின்சில்லின் நடுவிலேயே இருக்கும். எமது தேவைக்கு வாங்கப்படுவது பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, பலகையில் நின்றபடி ஓட்டும் சிறு சில்லு வண்டி. இது நகரத்து நடைபாதைகளில் காணப்படுவது. எமது மணல் ஒழுங்கைகளுக்கு இது உதவாது.

ஒருவர் "ஸ்கூட்டருக்கு அனுமதி வேண்டியதில்லையாம்" என்றால், அவர் இவற்றுள் எதைச் சொல்கிறார், எந்த நாட்டைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

2. 250 வாற்றுக் கதை எங்கிருந்து வந்தது?

இந்தியாவில் ஒரு விதி உண்டு. மோட்டாரின் வலு 250 வாற்றுக்கு மேற்படாமலும், வேகம் மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேற்படாமலும், பற்றரியை நீக்கிய எடை 60 கிலோவுக்கு மேற்படாமலும் உள்ள மின் இருசில்லு வண்டி அங்கே மோட்டார் வாகனமாகக் கொள்ளப்படுவதில்லை. அதனால் அதற்குப் பதிவும் சாரதி அனுமதிப்பத்திரமும் கேட்கப்படுவதில்லை.

பிரித்தானியாவில் மிதிகட்டையுள்ள மின் சைக்கிளுக்கு இதையொத்த சலுகை உண்டு. 250 வாற்று, மணிக்குச் சுமார் 25 கிலோமீற்றர் என்ற எல்லைக்குள் இருந்தால் 14 வயது நிரம்பியவர் அனுமதிப்பத்திரமின்றி ஓட்டலாம். ஆனால் அதே நாட்டில், சொந்தமாக வாங்கிய நின்று ஓட்டும் மின் ஸ்கூட்டரைப் பொதுவீதியில் ஓட்டுவது குற்றம். 2020ஆம் ஆண்டு தொடக்கம் சில நகரங்களில் பரீட்சார்த்தமாக வாடகைக்கு விடப்படும் ஸ்கூட்டர்களுக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. அங்கே கடையில் விற்பதற்குத் தடையில்லை. வீதியில் ஓட்டத்தான் தடை.

இதிலிருந்து இரண்டு விடயங்களைக் கற்கலாம். ஒன்று, கடையில் விற்கப்படுகிறது என்பதால் வீதியில் ஓட்டலாம் என்று ஆகிவிடாது. மற்றது, ஒரு நாட்டின் சலுகை வண்டியோடு சேர்ந்து கப்பலேறி வருவதில்லை. லண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ உறவினர் தொலைபேசியில் சொல்லும் விதி, அவர்கள் இருக்கும் வீதிக்கே பொருந்தும்.

3. எமது நாட்டில் கேட்கப்படும் பத்திரங்கள்

இலங்கையில் வீதிப் போக்குவரத்துக்கு அடிப்படையான சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமாகும். வீதியில் ஓடுவதற்கென அமைந்த, பொறியால் இயங்கும் வாகனத்தை அது மோட்டார் வாகனம் என்கிறது. பொறிக்குப் பெற்றோல் ஊற்றப்படுகிறதா, மின்சாரம் ஏற்றப்படுகிறதா என்பது அங்கே முதற் கேள்வியல்ல. எனவே இருக்கையில் அமர்ந்து ஓட்டும் மின் ஸ்கூட்டரை ஒரு மோட்டார் சைக்கிளாகவே எண்ணிப் பின்வரும் பத்திரங்களைத் தயார் செய்ய வேண்டும்.

(அ) பதிவுச் சான்றிதழும் இலக்கத் தகடும். இவற்றை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்குகிறது.

(ஆ) காப்புறுதிச் சான்றிதழ். குறைந்தது மூன்றாந்தரப்புக் காப்புறுதியாவது இருக்க வேண்டும்.

(இ) வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம். இதைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். காப்புறுதி இல்லாமல் இது கிடைக்காது.

(ஈ) ஓட்டுபவரின் சாரதி அனுமதிப்பத்திரம். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, ஓட்டுதற் பரீட்சை என்பன உண்டு.

இவற்றோடு ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். பாடசாலைக்குத் தூரம் என்பதற்காக 15 வயதுப் பிள்ளையின் கையில் ஸ்கூட்டரைக் கொடுப்பது அன்பாகத் தோன்றலாம். விபத்து நேர்ந்தால் அப்பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்தே பதில் சொல்ல நேரிடும்.

"நான் பெரிய வீதிக்குப் போவதில்லை, ஒழுங்கையால்தான் போய்வருகிறேன்" என்று சிலர் சொல்வர். பொதுமக்கள் போய்வரும் ஒழுங்கையும் குளக்கட்டுப் பாதையும் பொதுப்பாதைகளே. உங்கள் சொந்த வேலிக்குள் ஓட்டுவது மட்டுமே வேறு விடயம்.

4. பத்திரம் இல்லாவிட்டால் என்ன நடக்கும்?

தண்டப்பணம் ஒருபுறம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

ஒரு விவசாயி பின்னேரம் கத்தரிக்காய் மூட்டையுடன் பதிவில்லாத ஸ்கூட்டரில் வருகிறார். வண்டிக்குச் சத்தமில்லை. முன்னால் சைக்கிளில் போன முதியவர் பின்னால் வண்டி வருவதை அறியாமல் திரும்புகிறார். மோதுண்டு அவருடைய கால் முறிகிறது. காப்புறுதி இருந்திருந்தால் முதியவருக்கான நட்டஈட்டை அந்த நிறுவனம் பொறுப்பேற்கும். பதிவில்லாத வண்டிக்கு அந்தக் காப்புறுதியும் இல்லை. எனவே நட்டஈடு முழுவதும் விவசாயியின் தலையில் விழுகிறது. வண்டி பொலிஸ் நிலையத்தில் நிற்கிறது. தோட்டத்துக்குப் போக வழியில்லை. வழக்குத் தவணைகளுக்குப் போய்வரும் நாட்களில் வேலையும் இல்லை. கடைசியில் மனைவியின் நகை அடைவுக்குப் போகிறது.

காயப்பட்ட முதியவரின் பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். அவரும் எம்மைப் போல ஓர் ஏழையே. காப்புறுதி அவருக்கும் உரிய பாதுகாப்பாகும். ஆகவே பத்திரம் எடுப்பது பொலிசுக்குப் பயந்து செய்யும் காரியம் மட்டுமல்ல, அயலவருக்கு நாம் செய்யும் கடமையுமாகும்.

5. பணம் கொடுக்குமுன் செய்ய வேண்டியவை

புதிய வண்டியானால் விற்பவரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இந்த வண்டியை என் பெயரில் பதிவு செய்து, இலக்கத் தகட்டுடன் தருவீர்களா?" ஆம் என்றால் அதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். "பிறகு பார்க்கலாம்" என்றால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். கடைப் பற்றுச்சீட்டு பதிவுச் சான்றிதழ் ஆகாது. ஐயமிருந்தால் வண்டியின் பெயர், மாதிரி, மோட்டாரின் வலு ஆகியவற்றை எழுதிக்கொண்டு போய் மாவட்டத்திலுள்ள மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பழைய வண்டியானால் பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதியைப் பாருங்கள். அதிலுள்ள அடிச்சட்ட இலக்கமும் மோட்டார் இலக்கமும் வண்டியில் பொறித்த இலக்கங்களோடு ஒத்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். லீசிங் கடன் முடியாத வண்டியானால் நிதி நிறுவனத்தின் பெயரும் சான்றிதழில் இருக்கும். அது நீக்கப்படாமல் வாங்க வேண்டாம். வாங்கியதும் உரிமை மாற்றத்தை உடனே செய்யுங்கள்.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடையாள அட்டையில் பழைய முகவரி இருக்கலாம். தற்போதைய வதிவிடத்துக்குக் கிராம அலுவலரின் சான்றிதழை முன்கூட்டியே பெற்று வைத்தால் அலைச்சல் குறையும். குடும்பத்தைத் தாங்குபவர் பெண்ணாக இருந்தால் வண்டி அவருடைய பெயரிலேயே பதியப்படட்டும். அண்ணன் பெயரிலோ மருமகன் பெயரிலோ பதிந்துவிட்டுப் பின்னர் மனவருத்தப்பட்டவர்கள் பலர்.

6. எமது தூரத்துக்கு இந்த வண்டி போதுமா?

பத்திரம் சரியென்றால் அடுத்தது கணக்கு. பற்றரியில் எழுதியிருக்கும் இரண்டு எண்களைப் பெருக்குங்கள். 60 வோல்ற்று, 20 அம்பியர் மணி என்றால் 1200 வாற்று மணி. அதாவது 1.2 அலகு மின்சாரம். சுமையுடன் போகும் ஸ்கூட்டர் ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 30 வாற்று மணி எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். முழுப் பற்றரிக்கு 40 கிலோமீற்றர் வருகிறது. ஐந்தில் ஒரு பங்கை இருப்பாக விட்டால் 32 கிலோமீற்றர்.

தோட்டம் 14 கிலோமீற்றரில் என்றால் போய்வர 28. புதிய பற்றரிக்கு இது போதும். காலப்போக்கில் பற்றரியின் கொள்ளளவு முக்கால் பங்காகக் குறைந்தால் 24 கிலோமீற்றர்தான் நம்பலாம். திரும்பி வரும் வழியில் உருட்ட வேண்டிவரும். ஆகவே விற்பவர் சொல்லும் தூரத்தை அப்படியே நம்பாமல், பழைய பற்றரியையும் மணல் வழியையும் மூட்டையையும் மனதில் வைத்துக் கணக்குப் பாருங்கள்.

செலவையும் பார்ப்போம். அந்த 28 கிலோமீற்றருக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ 1 அலகு மின்சாரம் போகும். மாதத்தில் 25 நாள் ஓடினால் 25 அலகு. லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் வண்டியானால் அதே தூரத்துக்கு 15 லீற்றருக்கு மேல் வேண்டும். உங்கள் மின் பட்டியலிலுள்ள விலையையும் இன்றைய பெற்றோல் விலையையும் போட்டு ஒப்பிடுங்கள். ஆனால் மின்சாரம் கூடப் பாவித்தால் அலகின் விலையும் கூடும் என்பதை மறவாதீர்கள். 45 அலகு பாவித்த வீடு 70 அலகுக்கு ஏறும்போது கட்டணப் படியும் மாறும். பற்றரியை ஒருநாள் மாற்ற வேண்டும் என்பதால், மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் அதற்கென ஒதுக்கி வையுங்கள்.

வீட்டு விளக்குக்கென வைத்த 50 வாற்றுச் சூரியத்தகடு நல்ல வெயிலில் ஒரு நாளைக்குக் கால் அலகு அளவே தரும். அதைக் கொண்டு ஸ்கூட்டருக்கு மின்னேற்ற எண்ண வேண்டாம்.

7. மின்னேற்றும்போது கவனம்

கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள்ளும், படுக்கும் இடத்திலும், ஒரே வாசலின் வழியிலும் வைத்து மின்னேற்ற வேண்டாம். லிதியம் பற்றரி தீப்பிடித்தால் அணைப்பது மிகக் கடினம்.

ஓடி வந்த சூட்டோடு ஏற்றாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். வண்டியோடு தந்த சார்ஜரை மட்டும் பாவியுங்கள். சார்ஜரைத் துணியால் மூட வேண்டாம்.

அயல்வீட்டிலிருந்து மெல்லிய வயரில் இழுப்பதும், கம்பியில் கொக்கி போடுவதும் உயிருக்கு ஆபத்து.

ஈயப் பற்றரியை வெறுமையாகக் கிடக்க விட்டால் அது கெட்டுவிடும். ஓடாத நாட்களிலும் இடைக்கிடை ஏற்றி வையுங்கள்.

மாரியில் வெள்ளம் பாயும் இடத்தில் சில்லின் அச்சுவரை நீரில் இறக்க வேண்டாம். மோட்டார் அங்கேதான் இருக்கிறது.

சுருக்கம்

மின் ஸ்கூட்டர் எமது மக்களுக்கு உதவக்கூடிய நல்ல வண்டியே. அதை வேண்டாம் என்று இப்பாடம் சொல்லவில்லை. பத்திரத்தோடு வாங்கினால் அது குடும்பத்தின் சொத்து; விற்கலாம், கடனுக்குப் பிணை வைக்கலாம். பத்திரமில்லாமல் வாங்கினால் அது எந்த நாளும் பறிபோகக்கூடிய பொருள். ஏற்கெனவே ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவந்த நாம், கையில் சேர்ந்த காசை அப்படியான பொருளில் போடலாகாது.

குழுவில் கலந்துரையாடுவதற்கு

1. எமது குழுவில் தோட்டத்துக்கு ஆகக்கூடிய தூரம் போய்வருபவர் யார்? அவருடைய தூரத்துக்கு எத்தனை வாற்று மணிப் பற்றரி வேண்டும்? எல்லோரும் சேர்ந்து கணக்கிடுங்கள்.

2. எமது கிராமத்தில் ஏற்கெனவே ஓடும் மின் ஸ்கூட்டர்களில் எத்தனைக்கு இலக்கத் தகடு உண்டு? இல்லாதவர்களுக்கு நாம் எப்படி உதவலாம்?

3. எழுத்துப் பரீட்சைக்கு ஆயத்தமாக விரும்புவோர் ஒன்றுகூடிப் படிக்க ஒரு மாலை நேரத்தை ஒதுக்க முடியுமா? வாசிக்கச் சிரமப்படுவோருக்கு யார் வாசித்து விளக்குவார்?