பருவத்தின் பெயரும் பையின் எண்ணும்

நுழையும் முன்

கொச்சங்காடியில் மார்கழி இரவிலும் மின்விசிறி சுழலும். அங்கிருந்து ஒரே பகலில் சென்றடையக்கூடிய மூணாற்றிலோ, அதே மாதத்தில் சில நாள்களில் புல்லின்மேல் உறைபனி படியும். கடற்கரையில் வளரும் மாணவர் மலைமுகாமுக்குச் செல்லும்போது குளிருக்கு ஏற்ற உறக்கப்பையைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

தமிழர் ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணி தொடங்கி இரண்டிரண்டு மாதங்கள் ஒவ்வொரு பொழுதுக்கும் உரியவை. இக்கணக்கின்படி ஆனியும் ஆடியும் முதுவேனில் ஆகும். ஆனால், கொச்சியில் அவ்விரு மாதங்களிலேதான் தென்மேற்குப் பருவமழை வலுத்துப் பெய்கிறது. சென்னைக்குப் பெருமழை தருவனவோ ஐப்பசியும் கார்த்திகையும் ஆகும். இதில் பிழை ஏதும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும் மழைக்காலம் வேறுபடுகிறது. எனவே, பருவத்தின் பெயரை மட்டும் கேட்டு ஓரிடத்தின் வானிலையை அறிந்துவிட முடியாது.

ஸ்லீப்பிங் பேக் என வழங்கும் உறக்கப்பைக்கும் இவ்வுண்மை பொருந்தும். கடைகளில் அதன்மீது ‘2 சீசன்’, ‘3 சீசன்’, ‘4 சீசன்’ என்று எழுதியிருப்பர். இவை பனி பொழியும் குளிர்நாடுகளின் பருவங்கள். ‘3 சீசன்’ என்பது அந்நாடுகளின் இளவேனில், கோடை, இலையுதிர்காலம் ஆகிய மூன்றுக்கும் ஏற்றது, கடுங்குளிர்காலத்துக்கு ஏற்றதன்று. மேலும், இவ்வெண்களை எல்லா நிறுவனங்களும் ஒரே அளவில் வழங்குவதில்லை.

ஆகவே, பருவ எண்ணைவிட வெப்பநிலை எண்ணே நம்பத்தக்கது. இதற்கென ஐரோப்பாவில் 2002ஆம் ஆண்டு ஒரு பொதுத்தரம் வகுக்கப்பட்டது. வெப்பமூட்டிய மனித உருவப் பொம்மையைப் பைக்குள் வைத்துச் சோதித்து, மூன்று எண்களைக் கணக்கிடுகின்றனர். முதலாவது ‘கம்ஃபர்ட்’, ஒரு பெண் உடலைத் தளர்த்தி இதமாக உறங்கக்கூடிய வெப்பநிலை இது. இரண்டாவது ‘லிமிட்’, ஓர் ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் விழிக்காமல் உறங்கக்கூடிய கீழெல்லை இது. மூன்றாவது ‘எக்ஸ்ட்ரீம்’, ஒரு பெண் ஆறு மணி நேரம் உயிர் தரித்திருக்கக்கூடிய எல்லை இது. அங்கு உறக்கம் இராது. உறுப்புகள் பனியால் கேடுறவும் கூடும்.

ஒரு பையின் சீட்டில் இம்மூன்றும் முறையே 5, 0, −15 டிகிரி செல்சியஸ் என இருப்பதாகக் கொள்வோம். ‘−15 வரை தாங்கும்’ என்று எண்ணி அதனைப் பனிமலைக்கு எடுத்துச் செல்பவர் பேரிடரைத் தேடிச் செல்கிறார். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நடுக்கம் மிகும், பேச்சுக் குழறும், அறிவு மயங்கும், உயிருக்கும் ஊறு நேரும். மேலும், அத்தரம் வளர்ந்தோரின் உடலைக் கொண்டு வகுக்கப்பட்டது. ஆதலால், சிறுவர் முதல் எண்ணையே கருத வேண்டும். அதிலும் சில டிகிரி மிச்சம் வைத்துக்கொள்வது நன்று.

செல்லுமிடத்தின் குளிரை ஓரளவு முன்கூட்டியே கணக்கிடலாம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். மூணாற்றை அடுத்த மீசப்புலிமலையின் உயரம் 2,640 மீட்டர். கொச்சியில் தை மாத இரவு வெப்பநிலை 23 டிகிரி என்றால், அம்மலையுச்சியில் அது ஏறத்தாழ 6 டிகிரியாக இருக்கும். மேகமற்ற, காற்றடங்கிய இரவில் பள்ளத்தாக்குகளில் இதனினும் குறையும். குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பொழுதுகளாகத் தொல்காப்பியம் வகுத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

உறக்கப்பை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடலின் வெப்பத்தை வெளியேறாமல் காக்கிறது. படுத்தவுடன் அடிப்பகுதி நசுங்குவதால், தரையின் குளிர் உடலைத் தாக்கும். எனவே, பைக்கு அடியில் விரிப்பு இன்றியமையாதது. பறவையின் மென்தூவி அடைத்த பை எடை குறைந்தது. ஆயினும் நனைந்தால் பயன்படாது. செயற்கை இழை அடைத்த பை ஈரத்திலும் ஓரளவு வெப்பம் காக்கும்.

கூடாரத்தின் பருவ எண்ணிலும் கவனம் தேவை. ‘4 சீசன்’ கூடாரம் பனிச்சுமையையும் பெருங்காற்றையும் தாங்கவல்லது. கேரளத்தின் மழைக்கு அவ்வெண்ணை மட்டும் நம்பலாகாது. துணி எத்தனை மில்லிமீட்டர் நீரழுத்தம் தாங்கும் என்பதையும் சீட்டில் காண வேண்டும்.

சொற்பொருள்

கூதிர் – குளிர்காலம்
தூவி – இறகு
ஊறு – தீங்கு
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

1. ஆனி, ஆடி மாதங்கள் எப்பெரும்பொழுதுக்கு உரியவை? அம்மாதங்களில் கொச்சியின் வானிலை எத்தகையது?
2. ‘லிமிட்’, ‘எக்ஸ்ட்ரீம்’ ஆகியவற்றின் வேறுபாட்டை எழுதுக.
3. கடற்கரையில் இரவு வெப்பநிலை 24 டிகிரி. அருகிலுள்ள 2,000 மீட்டர் உயர மலையில் எவ்வளவு இருக்கும்? அங்கு மேற்கூறிய பை போதுமா? காரணம் கூறுக.
4. உம் பெற்றோரின் சொந்த ஊரில் மழை மிகுதியாகப் பெய்யும் மாதங்களைக் கேட்டறிந்து, கொச்சியோடு ஒப்பிட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.