உரித்து விற்பதா, முழுசாக விற்பதா?

பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவே கம்ப்யூட்டர் பயிற்சி மையம் நடத்தி, இப்போது ஷட்டரை இறக்கிவிட்ட வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய ஹார்ட் டிஸ்க் நாற்பது கிடக்கிறது. ஆக்ரிக் கடையில் முழுசாகப் போட்டால் ஒரு விலை. கழற்றி அலுமினியம் தனி, இரும்பு தனி, செம்பு தனி என்று கொடுத்தால் இரட்டி விலை என்கிறான் மச்சினன். கழற்றலாமா?"

ஆக்ரிக் கடை என்றால் என்னவென்று வடக்கே உள்ள வாசகர்கள் விழிக்க வேண்டாம். சென்னையில் காயலான் கடை, நாகர்கோவிலில் ஆக்கர் கடை, நெய்யாற்றின்கரைப் பக்கம் ஆக்ரிக் கடை. தராசும் பேரமும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

மச்சினன் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் விலையை மட்டும் பார்க்கிறார், கூலியைப் பார்க்கவில்லை. தோப்புத் தேங்காயை நாம் எப்படி விற்கிறோம் என்று யோசித்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். கதம்பைக்கு, அதாவது தேங்காய் மட்டைக்கு, நல்ல விலை கிடைத்தால் ஆள் வைத்து உரித்து விற்போம். உரிகூலி கதம்பை விலையைத் தாண்டினால் முழுத் தேங்காயாகவே வண்டியில் ஏற்றிவிடுவோம். ஹார்ட் டிஸ்கும் அப்படித்தான். அதன் கதம்பை என்ன விலைக்குப் போகும், உரிக்க எவ்வளவு நேரமாகும் என்பதுதான் கேள்வி.

டெஸ்க்டாப்பில் இருக்கும் மூன்றரை அங்குல டிஸ்க் ஒன்று ஏறக்குறைய 600 கிராம் இருக்கும். அடிப்பெட்டி வார்ப்பு அலுமினியம். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்கும் தட்டுகள் பெரும்பாலும் அலுமினியம்தான். தடித்த பழைய தட்டு ஒன்று இருபது கிராமுக்குச் சற்று மேலே நிற்கும். பெட்டியும் தட்டும் சேர்த்து 280 கிராம் என்று வையுங்கள். மேல்மூடி, காந்தத்தைப் பிடித்திருக்கும் தகடு எல்லாம் இரும்பு வகை, ஒரு 200 கிராம். மோட்டார் எழுபது கிராம். செம்பு அதற்குள்ளேதான், அதுவும் கொஞ்சம்தான். அடியில் ஒட்டியிருக்கும் பச்சை போர்டு 35 கிராம். எடையில் அதுதான் இளைத்தது, கிலோ விலையில் அதுதான் முதலாளி.

இனிக் கணக்கு. விலைகள் மாதிரிக்காக நான் போட்டவை. உங்கள் கடைக்காரர் சொல்லும் விலையை இதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முழு டிஸ்க் கிலோ 50 என்றால் நாற்பது டிஸ்குக்கு, அதாவது 24 கிலோவுக்கு, 1,200 ரூபாய். கழற்றினால் அலுமினியம் 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, கிலோ 120 வீதம் 1,344. இரும்பு 8 கிலோ, 25 வீதம் 200. போர்டு 1.4 கிலோ, 500 வீதம் 700. மோட்டார் 2.8 கிலோ, 60 வீதம் 168. கூட்டினால் 2,412. மச்சினன் சொன்ன இரட்டி வந்துவிட்டது!

வந்த லாபம் 1,200 ரூபாய். கை பழகியவர் ஒரு டிஸ்கைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிப்பார். நாற்பதுக்கு எட்டு மணி நேரம். ஒரு முழு நாள். பழகாதவருக்கு இரண்டு நாள். நாட்டிலேயே கூலி அதிகமான மண்ணில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கணக்கைப் போடுகிறோம் என்பதை மறக்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் கையேட்டில் 2021-22-லேயே கேரள கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி 837 ரூபாய் 70 பைசா. ஆள் வைத்துக் கழற்றினால் கூலி, பிட் செட், ஆட்டோ எல்லாம் போக டீக்காசு மிஞ்சும். நீங்களே கழற்றினால் ஒரு நாள் கூலி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம், இடுப்பு வலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

அதனால் நான் சொல்வது அரை உரிப்பு. போர்டை மட்டும் கழற்றுங்கள். அடியில் நாலைந்து திருகு, அவ்வளவுதான்; ஒன்றுக்கு இரண்டு நிமிடம். மூடியைத் தொடாதீர்கள். போர்டு போன டிஸ்குக்குக் கடைக்காரர் பத்து ரூபாய் குறைத்து நாற்பதுக்கு எடுத்தாலும், மேலே சொன்ன அதே கணக்கில், ஒன்றரை மணி நேரத்துக்குள் நானூறு ரூபாய் கூடுதலாக நிற்கும். முழு உரிப்பில் மணிக்கு 150, அரை உரிப்பில் மணிக்கு முந்நூறுக்கு அருகில். குறைப்பு இருபது ரூபாய் என்று போனால் இந்தக் கணக்கும் கவிழும். ஆகவே திருகைத் தொடுவதற்கு முன்பு ஒரு டிஸ்கைக் கையில் எடுத்துக்கொண்டு போய், போர்டோடு என்ன விலை, போர்டு இல்லாமல் என்ன விலை என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

திருகைப் பற்றி ஒரு வார்த்தை. ஹார்டுவேர் கடையில் போய் 'ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்' என்று கேட்டால் நம் ஊரில் கூட்டல் குறி போட்டதைத்தான் எடுத்துத் தருவார்கள். டிஸ்கில் இருப்பது ஆறு முனை கொண்ட டார்க்ஸ். மூன்றரை அங்குலத்துக்குப் பெரும்பாலும் டி8, லேப்டாப் டிஸ்குக்கு டி6 வரை இறங்கும். மொபைல் ரிப்பேர் செட் ஒன்று வாங்கினால் இரண்டும் அதில் இருக்கும். மூடியைத் திறந்தே தீருவேன் என்பவர்கள் கவனிக்க: எல்லாத் திருகையும் எடுத்த பிறகும் மூடி அசையவில்லை என்றால் லேபிளை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு இடம் குழியும். கடைசித் திருகு அதற்கடியில் ஒளிந்திருக்கும். இது தெரியாமல் உளியால் நெம்பிக் கையைக் கிழித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

லேப்டாப்பின் இரண்டரை அங்குல டிஸ்கை உரிக்கவே வேண்டாம். நூறு கிராமைச் சுற்றித்தான் எடை. அதன் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. வளைத்தால் வளையாது, தெறிக்கும்.

இவ்வளவு கணக்குக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நாற்பதில் எத்தனை இன்னும் ஓடுகிறது? ஓடுகிற டிஸ்கை எடை போட்டு விற்பது, கறக்கிற மாட்டை அடிமாடாக விற்பது மாதிரி. அகலமான நாடாக் கேபிள் மாட்டும் பழைய ஐடிஇ வகைக்கு இனிக் கிராக்கி இல்லை. சாட்டா வகையில் 500 ஜிபி, ஒரு டிபி இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். சிசிடிவி டிவிஆருக்கு மூன்றரை அங்குல டிஸ்க்தான் வேண்டும்; பழையது கிடைத்தால் போதும் என்று தேடுபவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 'குட்' என்று காட்டுகிறதா, ரீஅலோகேட்டட் செக்டர் பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி மூன்று டிஸ்க் தேறி, ஒன்று நானூறுக்குப் போனால் போதும், நாற்பதையும் உரித்துக் கிடைக்கும் லாபம் வந்துவிடும்.

விற்பதற்குமுன் அழிக்க வேண்டும். உங்கள் மையத்து டிஸ்கில் என்னவெல்லாம் இருக்கும்? பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, எஸ்எஸ்எல்சி புத்தகத்தின் ஸ்கேன், ஆதார் நகல், போன் நம்பர். டெலீட் செய்தால் பெயர்ப்பலகைதான் போகும், வீடு அப்படியே நிற்கும். விண்டோஸில் பார்மட் செய்யும்போது 'குயிக் பார்மட்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழுசாக ஓட விடுங்கள். விஸ்டாவிலிருந்து இந்தப் பக்கம் அது பூஜ்யங்களை எழுதிக்கொண்டே போகும். 500 ஜிபிக்கு இரண்டு மணி நேரமோ கொஞ்சம் கூடுதலோ ஆகும். ஒரு தடவை போதும். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி வழிகாட்டியும் அப்படித்தான் சொல்கிறது. ஓடாத டிஸ்க் என்றால் டிரில்லை எடுத்துத் தட்டு வரைக்கும் மூன்று துளை போடுங்கள். கண்ணாடித் தட்டாக இருக்கலாம் என்பதால் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து காந்தத்தைத் தேய்த்தால் அழிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. டிஸ்குக்குள்ளேயே அதைவிட வலுவான காந்தம் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே!

நம்முடையது சின்ன மையம், யார் நோண்டப் போகிறார்கள் என்று நினைக்கிறீர்களா? மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிறுவனம் தன் பழைய டிஸ்குகளையும் சர்வர்களையும் அப்புறப்படுத்தும் வேலையை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியிடம் ஒப்படைத்தது. சில சாதனங்கள் வாடிக்கையாளர் விவரங்களோடேயே இணைய ஏலத்துக்கு வந்தன. 2022 செப்டம்பரில் அதற்காக 35 மில்லியன் டாலர் அபராதம் கட்டியது. நம் நாட்டிலும் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது.

காந்தம் என்றதும் நினைவு வருகிறது. கழற்றுவதில் எனக்குப் பிடித்ததே அதுதான். வளைந்த பிறை மாதிரி, நிக்கல் பூசிய சிறு துண்டு. இரும்போடு போரானும் நியோடிமியம் என்ற அருமண் உலோகமும் சேர்ந்தது. எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு அருமண். ஆக்ரிக் கடையில் இதற்குத் தனி விலை கிடையாது. தராசுத் தட்டில் ஒட்டிக்கொண்டு சண்டை போடுவதால் சிலர் வேண்டாம் என்றே சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், இதே நியோடிமியம் கலந்த மோனசைட் என்ற கனிமம் நம் தெற்கே மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் கிடக்கிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார். அதுவும் கதம்பையிலிருந்து வந்த கதைதான். இன்று அங்கே மத்திய அரசின் ஐஆர்இஎல் ஆலை மணல் பிரிக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது இந்திய வாகனத் தொழிற்சாலைகள் கலங்கின. நம் சாக்கிலோ அது இரும்பு விலைக்கும் போகாமல் கிடக்கிறது.

அதை விற்காதீர்கள், வைத்துக்கொள்ளுங்கள். நீளக் கயிற்றில் கட்டினால் கிணற்றில் விழுந்த சாவிக்கொத்தை எடுக்கப் பாதாளக் கரண்டியைவிட லாயக்கு. தையல் கடையில் சிதறிய ஊசியைப் பொறுக்கும். ஆனால் இரண்டு காந்தத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்க வேண்டாம்; நடுவில் விரல் மாட்டினால் நகம் கறுத்துவிடும். சின்னப் பிள்ளைகள் இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரு மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்துத் துளைத்துவிடும், அது அறுவை சிகிச்சை வரை போகும் விஷயம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் தள்ளியே இருக்கட்டும்.

போர்டில் தங்கம் இருக்கிறது, ஆசிட்டில் போட்டால் எடுத்துவிடலாம் என்று அடுத்தபடியாக மச்சினன் சொல்வார். ரப்பர் பாலுக்கு ஆசிட் ஊற்றிப் பழகிய கைதானே என்று நினைக்க வேண்டாம். அது ஃபார்மிக், இது நைட்ரிக்கும் ஹைட்ரோகுளோரிக்கும் சேர்ந்தது, புகையே நுரையீரலைப் பதம் பார்க்கும். மொராதாபாத்தில் போர்டுகளை எரித்தும் ஆசிட்டில் கழுவியும் பிழைத்தவர்கள் ராமகங்கைக் கரையை என்ன பாடு படுத்தினார்கள் என்பது ஊரறிந்தது. அந்தப் பாடு நெய்யாற்றுக்கு வேண்டாம். அலுமினியம், இரும்பு எல்லாம் ஆக்ரிக் கடைக்குப் போகட்டும். போர்டை மட்டும் வீடு வீடாகக் கழிவு சேகரிக்க வரும் ஹரித கர்ம சேனையிடமோ, அரசின் கிளீன் கேரளா கம்பெனி வழியாகவோ, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ கொடுங்கள். சில ரூபாய் குறையலாம், குறையட்டும்.

களியக்காவிளை தாண்டிப் போனால் விலை கூடும் என்று சாக்கை வேனில் ஏற்றிவிடாதீர்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூரில் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, லாரியில் திருப்பி அள்ளிப்போன பிறகு எல்லையில் மூட்டைகள் என்றாலே கேள்விதான். 24 கிலோவுக்காக ஒரு நாள் அங்கே நிற்க வேண்டுமா?

சொந்த டிஸ்கைக் கழற்றுவது வேறு, ஊரில் எல்லோரிடமும் வாங்கிக் கழற்றுவது வேறு. இரண்டாவதைத் தொழிலாகச் செய்ய நினைத்தால் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு வேண்டும்.

மச்சினன் இன்னும் பிடிவாதமாக இருந்தால் ஓடாத டிஸ்க் ஒன்றையும் டி8 பிட்டையும் கையில் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் நாலு குவியலாகப் பிரித்து வைத்துவிட்டால் மிச்சத்தையும் அவரிடமே விட்டுவிடலாம், லாபத்தில் பாதி அவருக்கு. இல்லையென்றால் போர்டுகளை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, பாக்கியை முழுசாக ஆட்டோவில் ஏற்றுங்கள்.