ஜெபம் வராத ராத்திரிகளுக்கு அக்கா டிப்ஸ்

தங்கச்சி, முழங்கால் போட்டா ஒரு வார்த்தையும் வரமாட்டேங்குது, ஆண்டவர் கூட இருக்கிற மாதிரியே தெரியலைன்னு கேட்ட. முதல்ல ஒண்ணு சொல்றேன். அப்படித் தெரியணும்னு தேடி அலையாதே. ஆராதனையில கண்ணு கலங்குறதும் மனசு லேசாகுறதும் வந்தா சந்தோஷமா வாங்கிக்கோ. ஆனா வியாதியும் கடனும் அழுத்துற நேரத்துல எதையும் உணருற தெம்பே உடம்புல இருக்காது. உனக்குத் தெரியலைங்கிறதால அவர் இல்லாம போயிடமாட்டார்.

அதனால முதல் வேலையா சாப்பிடு, தூங்கு. 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாரு. கர்மேல் மலையில அவ்வளவு பெரிய காரியத்தைக் கண்ட எலியா, அடுத்த அதிகாரத்துலயே சூரைச்செடிக்கு அடியில உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். வந்த தூதன் பிரசங்கம் பண்ணலை, விசுவாசம் எங்கே போச்சுன்னு கேட்கலை. தலைமாட்டுல தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் இருந்துது. சாப்பிட்டார், திரும்பப் படுத்துட்டார். ரெண்டாவது தடவை எழுப்பினதும் சாப்பிட வைக்கத்தான். ஓரேப்ல ஆண்டவர் மெல்லிய சத்தத்துல பேசினது இதுக்கெல்லாம் அப்புறம். ஏற்கெனவே ரெண்டு வேளை சாப்பிடாம கிடக்கிற உன்னை யாராவது உபவாசம் இருக்கச் சொன்னா கேட்காதே. ரசம் சோறாவது சாப்பிட்டுட்டுப் படு.

சொந்த வார்த்தை வரலைன்னா சங்கீதத்துல இருந்து கடன் வாங்கிக்கோ. 150 சங்கீதத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு புலம்பல்தான். 13-ல தாவீது முதல் ரெண்டு வசனத்துக்குள்ள, இது எதுவரைக்கும்னு நாலு தடவை கேட்கிறார். 88 இன்னும் கனம். ஏமான் பாடினது, கடைசி வரி வரைக்கும் இருட்டுதான். அதையும் வேதத்துல விட்டுவச்சிருக்காங்களே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம் போதும், வாய்விட்டு மெதுவா வாசி. அதுவும் முடியாத நாள்ல பரமண்டல ஜெபம் மட்டும் சொல்லு.

புது வருஷ ஆராதனையில எடுத்த வாக்குத்தத்த அட்டையை ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருப்பே. அதைப் பார்த்தாலே கோபம் வருதுன்னா, அந்த வசனத்தை விட்டுட்டு அதிகாரத்தை முழுசா வாசி. நிறைய வீட்டுச் சுவர்ல தொங்குற எரேமியா 29:11, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவங்களுக்கு எழுதின கடிதத்துல வர்றது. முந்தின வசனமே 70 வருஷம்னு சொல்லுது. அங்கேயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவைங்கன்னும் அதே கடிதத்துல இருக்கு. நாளைக்கே எல்லாம் சரியாயிடும்னு அது சொல்லவே இல்லை. ஊரு மாறாமலே கர்த்தர் கூட இருப்பார்ங்கிற செய்தி அது.

நம்ம பக்கத்துல தோனாவூர் அம்மா எமி கார்மைக்கேலைப் பாரு. 1931 அக்டோபர்ல களக்காட்டுல ஒரு குழியில விழுந்து கால் முறிஞ்சுது. 1951 ஜனவரியில இறக்கிற வரைக்கும் பெரும்பாலும் ஒரே அறையும் படுக்கையும்தான். சுகம் கேட்டு ஜெபிச்சவங்க எத்தனையோ பேர், ஆனா பழைய சுகம் திரும்பலை. படுத்தபடியே பத்துக்கு மேல புத்தகம் எழுதினாங்க. முதல்ல எழுதினதுல ஒண்ணு, நோயாளி நோயாளிகளுக்கு எழுதினது. உன்னையும் புத்தகம் எழுதுன்னு சொல்லலை. வலியில இருக்கிற இன்னொருத்திக்கு ஃபோன் போட்டு, ‘இன்னிக்கு எப்படி இருக்க’ன்னு கேளு, போதும்.

யாரைப் பக்கத்துல வச்சுக்கணும்னும் யோசி. யோபுவோட சிநேகிதர் ஏழு நாள் வாயைத் திறக்காம கூடத் தரையில உட்கார்ந்திருந்தாங்களே, அதுவரைக்கும் அவங்க செஞ்சது அத்தனையும் சரி. பேச ஆரம்பிச்சதும் கெடுத்துட்டாங்க. ‘உன் விசுவாசம் போதலை’ன்னு சொல்றவங்க ஃபோனை இப்போ எடுக்காதே. பெண்கள் ஐக்கியத்து அக்கா ‘ஜெபிச்சுக்கிறேம்மா’ன்னு சொன்னா, ‘நன்றிக்கா, வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றீங்களா, பையனை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர்றீங்களா’ன்னு வெட்கப்படாம கேளு. ஆண்டவர் கூட இருக்கிறது பாதி நேரம் இப்படி ஆள் உருவத்துலதான் வீட்டுக்கு வரும். கோயில்ல பாட முடியலைன்னா கடைசி பெஞ்சுல சும்மா உட்காரு, உனக்கும் சேர்த்து சபை பாடட்டும்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை விசுவாசத்துல நிறுத்திட்டேன்னு சாட்சி சொல்றதைக் கேட்டு நீயும் நிறுத்திடாதே. சுகர் மாத்திரையானாலும் மனசுக்குக் கொடுத்த மாத்திரையானாலும் சரி. சாகணும்ங்கிற நினைப்பு வந்தா அன்னிக்கே வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லு, டாக்டரைப் பாரு. அப்புறம், வீட்டுல அடி வாங்குறதை யாராவது சிலுவை சுமக்கிறதுன்னு சொன்னா நம்பாதே. சிலுவைன்னு பேர் வச்சு உன்னை அடிக்க யாருக்கும் உரிமை இல்லை. 181-க்குக் கூப்பிடு, பெண்களுக்கான உதவி எண் அது. இல்லைன்னா நேரா பிள்ளைகளோட என் வீட்டுக்கு வந்துடு, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.